எங்கட ஆக்களில முக்கால்வாசிப் பேர் ஏன் இப்பிடிக் கீக்குகளாக் கிடக்கினம்?

2025 ஆகஸ்ட் 27 (கேள்வி, கொக்குவில் தம்பி ஒருத்தர் போட்டது)

நல்லூர் முடிஞ்ச கையோட நாங்கள் கொஞ்சக் குயர் ஆக்கள், ஒரே பாலாரை விரும்புறவை, திருநங்கையள் எண்டு ஊர் வழக்கத்துக்கு வெளியில வாழுறவை, ஒரு வீட்டில கூடினனாங்கள். வந்த எல்லாருக்கும் ஏதோ ஒரு விசயத்தில தீராத கிறுக்கு, கீக் எண்டு சொல்லுவினமே, அது இருக்கு. ஒருத்தன் லினக்ஸ் எண்டு தொடங்கினால் நிப்பாட்டுறான் இல்லை, ஒரு அக்கா சிலந்தியளைப் படமெடுத்து லத்தீன் பேரோட அடுக்கி வச்சிருக்கிறா, இன்னொருத்தர் பழைய முத்திரை, இன்னொருத்தர் ஜப்பான் கார்ட்டூன். எனக்கு ஒண்டும் இல்லை, பேசாமல் மிக்சர் திண்டுகொண்டு இருந்தன். குயர் எண்டால் கீக்காத்தான் இருக்கோணுமோ? இல்லாட்டிக் கீக்கா இருந்தபடியாத்தான் இவைக்கு ஊர் மாதிரி இல்லாமல் வாழுற துணிவு வந்ததோ?

2025 ஆகஸ்ட் 27, இரவு 11.40

தம்பி, முதல்ல கணக்கு. நான் ரியூட்டரியில இணைந்த கணிதம் படிப்பிக்கிறனான், பழக்கதோசம், பொறுத்துக்கொள்ளும். "குயர் ஆக்கள் கீக்" எண்டுறது ஒரு நிகழ்தகவு, "கூட்டத்துக்கு வாற குயர் ஆக்கள் கீக்" எண்டுறது வேற நிகழ்தகவு. ஏஎல் பொடியள் வருசா வருசம் இதிலதான் விழுறவை. யாழ்ப்பாணத்தில குயர் ஆக்கள் எத்தினையோ பேர் புடவைக்கடையில நிக்கினம், வங்கியில இருக்கினம், ரெண்டு பிள்ளையோட குடும்பம் நடத்தினம், அவை ஒருத்தரும் உந்த மிக்சர் கூட்டத்துக்கு வாறேல்ல. வந்தவையைப் பாத்துக் கணக்கெடுத்தால் வரக்கூடிய காரணம் இருந்தவைதான் கணக்கில வருவினம்.

அந்தக் காரணம் என்ன எண்டதுதான் என்ர பதில். எங்கட ஊரில ரெண்டு பேர் ஒரு அறைக்குள்ள கதவைச் சாத்திப்போட்டு இருக்கிறதுக்கு, இரவு பத்து மணிக்கு வெளியில நிக்கிறதுக்கு, முப்பத்தைஞ்சு வயசு மட்டும் கலியாணம் கட்டாமல் இருக்கிறதுக்கு வீட்டுக்குச் சொல்ல ஒரு நியாயம் வேணும். கொம்பியூட்டர் திருத்திறம் எண்டால் கதவு சாத்தலாம். வெள்ளி பாக்கிறம் எண்டால் இரவில நிக்கலாம். "அவனுக்கு மிசினோடதான் குடும்பம்" எண்டு தாய்மாரே சிரிச்சுச் சொல்லுவினம், அதுக்குப் பிறகு சொந்தக்காரர் வாய் திறக்காயினம். பொழுதுபோக்கு எங்களுக்கு ஒரு மறைப்பு. மறைப்பாத் தொடங்கி, பேந்து அதிலேயே விசர் பிடிச்சுப் போனவைதான் நீர் பாத்த ஆக்கள்.

ஒரு கதை சொல்லுறன். உடம்பில கிறீஸ் பூசின மர்ம ஆக்கள் இரவில வாறாங்கள், கிறீஸ் பூதம் கிறீஸ் பூதம் எண்டு ஊரெல்லாம் அல்லோலகல்லோலப்பட்டதுக்கு அடுத்த வருசம், 2012 வைகாசி. எங்களிட்டை எட்டு இஞ்சிக் கண்ணாடி வச்ச ஒரு தொலைநோக்கி இருந்தது, டொப்சோனியன் எண்டு சொல்லுறது, ஆள் உயரக் குழாய். நானும் அவவும் எங்கட திருநங்கைத் தோழி ஒருத்தியுமா அதைப் பண்ணைப் பக்கம் கொண்டு போனம், தெற்கால கடல்நீரேரிக்கு மேல தென்சிலுவை நல்லாத் தெரியும் எண்டு. யாழ்ப்பாணம் 9.7 பாகையில கிடக்கிறபடியால் வடக்கால துருவ வெள்ளியும் அடிவானத்தில தெரியும், தெற்கால தென்சிலுவையும் தெரியும், லண்டன்காரருக்கு இந்தக் குடுப்பினை இல்லை. சரி, கதைக்கு வாறன். காவலரணில இருந்து ஒரு ஆமிப் பொடியன் ரோர்ச்சோட ஓடி வந்தான். அந்தக் குழாய் இருட்டில மோட்டார் குண்டு அடிக்கிற குழாய் மாதிரித்தான் இருக்கும், அவனைக் குறை சொல்ல ஏலாது. எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில "ஹந்த, ஹந்த" எண்டு நிலவைக் காட்டினன். குனிஞ்சு பாத்தான், நிமிரேல்ல. பேந்து மற்றவனைக் கூப்பிட்டான். கடைசியில வரிசையில நிண்டு பாத்துப்போட்டுப் போச்சினம். நேரம் கெட்ட நேரத்தில மூண்டு பேர், அதில ஒருத்தி ஆறடி உயரத்தில சீலையோட, றோட்டோரத்தில ஏன் நிக்கிறியள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. வந்த சந்தேகம் முழுக்கக் குழாய்க்குப் போச்சுது.

2025 ஆகஸ்ட் 28

உள்பெட்டியில அஞ்சாறு பேர் கேட்டிருக்கினம், "அவ" ஆர் எண்டு. என்னோட இருக்கிறவ. ஊருக்கு நாங்கள் வாடகையைப் பாதி பாதி குடுக்கிற ரெண்டு பேர். அவவுக்கு எந்தக் கீக் கிறுக்கும் கிடையாது, நாடகம் பாப்பா, நல்லாச் சமைப்பா, தொலைநோக்கிக்குப் பக்கத்தில பாய் விரிச்சுப் படுத்தால் பத்து நிமிசத்தில குறட்டை. ஆகவே தம்பியின்ர தேற்றத்துக்கு எதிர் உதாரணம் என்ர வீட்டுக்குள்ளேயே இருக்கு.

2025 ஆகஸ்ட் 30, சனி

கனடாவில இருந்து ஒரு அண்ணை எழுதியிருக்கிறார், "எங்கட காலத்தில உதொண்டும் இருக்கேல்ல, உது இன்ரநெற் வந்த பிறகு வந்த வருத்தம்" எண்டு. அண்ணை, நீங்கள் எந்த வருசம் போனனீங்களோ தெரியாது, நான் 81-இல பிறந்தனான், பொருளாதாரத் தடைக்குள்ள வளந்தனான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

90-க்குப் பிறகு கரண்ட் இல்லை, பற்றறி தடை, பெற்றோல் தடை, மண்ணெண்ணெய் பவுண் விலை. அந்தக் காலத்தில யாழ்ப்பாணம் முழுக்கக் கீக்தான், ஒருத்தரும் அந்தப் பேர் சொல்லேல்ல, அவ்வளவுதான். மோட்டச்சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓட்டினவை. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வச்சு விளக்குச் செய்தவை. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி டைனமோவில வயர் குடுத்து றேடியோ கேட்டவை. எங்கட ஒழுங்கை முடக்கில ஒரு றேடியோ திருத்திற கடை இருந்தது, கடை எண்டால் பத்தி இறக்கின ஒரு அறை, அதில ரெண்டு மாமாமார். ஒருத்தர் சைக்கிள் பெடலைக் கையால சுத்துவார், மற்றவர் ஊசியைப் பிபிசி தமிழோசைக்குத் திருப்புவார், நாங்கள் வாசல்ல குந்தியிருந்து கேப்பம். கையை மாத்தி மாத்திச் சுத்துவினம், ஒருத்தர் களைச்சால் மற்றவர் சொல்லாமலே எழும்பி வருவார். ரெண்டு பேரும் கலியாணம் கட்டேல்ல. ஒரே வீடு, ஒரே சட்டி. ஊர் என்ன சொன்னது? "அவங்கள் ரெண்டு பேருக்கும் றேடியோ விசர்." அவ்வளவுதான். அவை என்னவா இருந்தவை எண்டு எனக்குத் தெரியாது, நான் எட்டிப் பாக்கேல்ல, இப்ப அவைக்குப் பேர் வைக்கவும் மாட்டன். ஆனால் அந்த விசர் எண்ட ஒரு சொல்லுக்குள்ள ஊர் அவையை நிம்மதியா இருக்க விட்டது. மாமியள் ஒழுங்கையில வேற ஆரும் கலியாணம் கட்டாமல் இருந்தால் விட்டிருப்பினமோ?

இன்னொண்டு. கரண்ட் இல்லாத ஊருக்கு வானம் நல்லாத் தெரியும். பால்வீதி வேலிக்கு மேல இருந்து தொடங்கும். 95 ஒக்டோபர் 30 இடம்பெயர்ந்து கொடிகாமத்தில ஒரு தென்னங்காணிக்குள்ள இருந்தனாங்கள். அடுத்த பங்குனி மட்டில இரவில வெளியில போக எழும்பின நான் அண்ணாந்து பாத்தால் வடக்கால ஒரு வால்வெள்ளி, பச்சையும் வெள்ளையுமாப் புகை போல, வால் வானத்தில கால்வாசிக்கு நீளுது. அம்மம்மா "வால்வெள்ளி தெரிஞ்சால் நாட்டுக்குக் கூடாது" எண்டா. அப்பா "இதுக்கு மேலயும் என்ன வரக் கிடக்கு" எண்டார். அடுத்த மாசம் தென்மராட்சிக்கு ஆமி வர, நாங்கள் திரும்ப வலிகாமத்துக்கு நடந்தம். அது ஹயகுடகே எண்ட வால்வெள்ளி, மார்ச் 25 பூமிக்குக் கிட்ட வந்தது எண்டு கன வருசம் கழிச்சுத்தான் வாசிச்சன்.

அண்டைக்குத் தொடங்கின விசர் எனக்கு. அப்ப எனக்கு மறைக்க ஒண்டும் இருக்கேல்ல, பதினைஞ்சு வயசு. அப்ப "மறைப்பாத் தொடங்கினது" எண்டு 27-ஆம் திகதி எழுதினது எனக்கே முழுசாப் பொருந்துதில்லை. யோசிக்கிறன், பிறகு வாறன்.

2025 ஆகஸ்ட் 31

யோசிச்சதில ஞாபகம் வந்தது செவ்வாய்.

எனக்குச் செவ்வாய்க் குற்றம். சாதகத்தில எட்டில செவ்வாய். 2003-இல அம்மா தரகரைக் கூப்பிட்டுச் சாதகம் குடுத்த நேரம், அந்த ஆகஸ்ட் 27-தான் செவ்வாய் பூமிக்கு ஏறத்தாழ அறுபதாயிரம் வருசத்தில இல்லாத அளவு கிட்ட வந்தது. தரகர் முன் விறாந்தையில இருந்து "செவ்வாய் உள்ள மாப்பிள்ளையாத்தான் பாக்கோணும்" எண்டு இழுக்கிறார், நான் பின் வளவில நிண்டு கடன் வாங்கின பைனாகுலரில அதே செவ்வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். தரகருக்கு அம்மா பெருமையாச் சொல்லியிருக்கிறா, "பிள்ளை நட்சத்திரம் பாக்கிறவள்" எண்டு. மனிசன் போகேக்க தன்ர மகளின்ர குறிப்பை நீட்டி "இதையும் ஒருக்காப் பாத்துச் சொல்லும் பிள்ளை" எண்டார்.

பொருந்தின சாதகம் ஒண்டும் வரேல்ல. வந்த ரெண்டையும் நான் தட்டினன், பழி செவ்வாய்க்குப் போச்சுது. என்னைக் காப்பாத்தின கிரகம், வேற என்னத்தைச் சொல்ல.

2025 செப்டெம்பர் 2

எப்பிடிச் சந்திச்சனீங்கள் எண்டு கேட்டவைக்கு. காதல் கதை வேணுமெண்டால் வேற இடம் பாருங்கோ, இது சூரிய கிரகணக் கதை.

2010 ஜனவரி 15, பட்டிப் பொங்கல். அண்டைக்கு மத்தியானம் ஒண்டரை மட்டில வட இலங்கையில கங்கண கிரகணம், இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீளமான கங்கணம், எங்கட பக்கம் பத்து நிமிசத்துக்குக் கிட்ட வளையம் நிண்டது. ஏ9 றோட்டுத் திறந்து கொஞ்ச நாள், கொழும்பில இருந்தெல்லாம் ஆக்கள் கருவியளோட வந்தவை. ஊர்ச் சனம் என்ன செய்தது? கதவைப் பூட்டிக்கொண்டு உள்ள. கோயில் பூட்டு, அடுப்பு மூட்டேல்ல, சாப்பாட்டுக்கு மேல தர்ப்பை, பிள்ளைத்தாச்சியள் யன்னல் பக்கமே வரேல்ல. பட்டப்பகல்ல ஒழுங்கை வெறிச்சு. இப்பிடி ஒரு ஊரடங்கை ஆமியாலும் போட ஏலாது.

நான் தெரிஞ்ச ஒரு வீட்டு வளவுக்கு அட்டைப்பெட்டியும் தாளும் கொண்டு போயிருந்தன், துளையால நிழல் விழுத்திப் பாக்க. தேவையே இருக்கேல்ல. அந்த வளவில ஒரு மாட்டுக்கொட்டில், கூரை கிடுகு, பழைய கிடுகு, ஓட்டை நிறைய. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஊசித்துளைக் கமெராவா வேலை செய்யுது. நிலத்தில, சாணகத்தில, வைக்கோல்ல எல்லாம் ஒளி வளையம், சின்னதும் பெரிசுமா. காலமை பொங்கல் வச்சுச் சந்தனம் குங்குமம் பூசின பசு, அதின்ர முதுகில பத்துப் பன்ரெண்டு வளையம், மூச்சு விட விட அசையுது. அந்த வீட்டுக்கு வந்து நிண்ட சொந்தக்காரப் பெட்டை ஒருத்திதான் வெளியில நிண்டவள், மாட்டுக்குத் தண்ணி வைக்க. தாய்மார் உள்ள இருந்து கத்தினம், இவள் கேக்கேல்ல. "தோசமெண்டால் மாட்டுக்கும்தானே தோசம், அது தண்ணி குடிக்க வேண்டாமோ" எண்டாள். வளையத்தைப் பாத்தாள். "நாளைக்கும் வருமோ?" எண்டு கேட்டாள். இல்லை, இஞ்ச அடுத்தது 2019 மார்கழி எண்டு சொன்னன். "அப்ப சொல்லும், வாறன்" எண்டாள்.

2019 டிசெம்பர் 26 வந்தது. ரெண்டு பேருமாத்தான் பாத்தம். அவ அரைவாசியில பசிக்குது எண்டு உள்ள போயிட்டா.

2025 செப்டெம்பர் 3

இன்ரநெற் பற்றிக் கனடா அண்ணை திரும்பவும். சரி, அதையும் பாப்பம்.

அமெரிக்காவில யூஸ்நெற் எண்டு ஒண்டு இருந்தது, பல்கலைக்கழகத்துக் கொம்பியூட்டர்க்காரர் ஒருத்தருக்கொருத்தர் எழுதின பலகை. அதில ஒரே பாலாரை விரும்புற ஆக்களுக்கெண்டு ஒரு பிரிவு, நெட்.மோட்ஸ் எண்டு, 1983-இல தொடங்கினது. எங்களுக்கு 83 எண்டால் வேற ஞாபகம், அவைக்கு அந்த வருசம் இது. அப்ப அதுக்குள்ள போகோணும் எண்டால் யூனிக்ஸ் மிசின் ஒண்டில கணக்கு வேணும். ஆகவே தம்பி கேட்ட கேள்விக்கு அங்க விடை சுலபம், கதவில கீக் எண்டு எழுதியிருந்தது, உள்ள போனவை எல்லாரும் கீக்.

எங்களுக்கு அந்தக் கதவு 2002-இல போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு திறந்தது. யாழ்ப்பாணத்தில நெற் கபே முளைச்ச காலம். பிளைவூட் தட்டி அடிச்ச பெட்டி, முதுகுக்குப் பின்னால ஒரு சீலைத்துணி, மணித்தியாலக் காசு. பக்கத்துப் பெட்டியில ஆரோ ஒரு அம்மா ஜேர்மனியில இருக்கிற மகனோட நெற்போனில அழுவா, நான் இஞ்ச வானியல் குழு ஒண்டில எழுதுவன். குயர் எண்ட சொல்லையே நான் அந்த வானியல் குழுவிலதான் முதல் கண்டனான், ஒருத்தி கையெழுத்துக்குக் கீழ போட்டிருந்தா, தொலைநோக்கிக் கண்ணாடி தேய்க்கிற விபரத்துக்கு நடுவில, ஏதோ இரத்த வகை சொல்லுற மாதிரிச் சாதாரணமா. அந்தச் சாதாரணம்தான் என்னை அடிச்சுப் போட்டது. ஆதரவுக் குழு எண்டு பேர் வச்ச ஒண்டுக்குள்ள நான் அந்த வயசில போயிருக்க மாட்டன், பயம். கண்ணாடி பற்றிக் கேக்கப் போனபடியால் போனன்.

தமிழில தட்டச்சுக்கு வந்தது பேந்து. எல்லாரும் பாமினி எண்ட எழுத்துரு, ஒருத்தர் அனுப்பினது மற்றவருக்குப் பூச்சி பூச்சியாத் தெரியும். சுரதா எண்டவரின்ர எழுத்துரு மாற்றி வந்த பிறகுதான் யூனிகோடுக்கு வந்தம். பிறகு தமிழ் விக்கிப்பீடியா, 2003-இல தொடங்கினது, அதைக் கட்டி எழுப்பின மயூரநாதன் எங்கட வண்ணார்பண்ணை ஆள். நானும் புனைபேரில கோள், உடு எண்டு கொஞ்சம் எழுதினன். புனைபேருக்கு வயசு இல்லை, கலியாண விபரம் இல்லை. மூண்டு வருசம் என்னை ஒருத்தர் "ஐயா" எண்டு கூப்பிட்டுக்கொண்டு இருந்தார், நான் திருத்தேல்ல, நல்லாத்தான் இருந்தது.

2025 செப்டெம்பர் 4

வவுனியாவில இருந்து ஒரு பிள்ளை எழுதினதை வாசிச்சனீங்களோ? "எனக்கு ஆடப் பிடிக்கும், மேக்கப் பிடிக்கும். நீங்கள் எல்லாரும் ஐசி, லினக்ஸ், வெள்ளி எண்டு கதைக்கேக்க நான் இந்தக் கூட்டத்துக்கும் வெளியிலதான் நிக்கிறன்" எண்டு. கீழ நாலு பேர் உடன "மேக்கப்பும் ஒரு கீக்தான், நிறக் கலவை, வேதியியல்" எண்டு ஆறுதல் சொல்லியிருக்கினம்.

நான் அப்பிடிச் சொல்லமாட்டன் பிள்ளை. எங்கட பேரை ஒட்டினால்தான் உம்மட ஆட்டத்துக்கு மதிப்பெண்டால் அது உமக்கு மரியாதை இல்லை. நீர் ஆடும். எங்கட ஆக்கள் எண்டால் கலியாணம் வேண்டாம் எண்டு இருக்கிறவர், எழுத்து எழுதாமல் சேர்ந்து இருக்கிற சோடி, வடமராட்சியில தனிய ஒரு தோட்டத்தில காற்றாடியும் பன்ரெண்டு வோல்ட் பற்றறியுமா இருக்கிற மனிசன், நீர், நான், எல்லாரும்தான். சங்கக் கட்டணமா ஒரு கிறுக்குக் காட்டோணும் எண்டு சட்டம் இல்லை.

கீக் ஆம்பிளையளுக்கு ஒரு வார்த்தை, எங்கட ஆம்பிளையளுக்கும் சேர்த்து. ஒரு பொம்பிளை தொலைநோக்கி வச்சிருக்கிறாள் எண்டால் முதல் கேள்வி "குவிய நீளம் எவ்வளவு?" எண்டு வருது. தெரியாமல் கேக்கேல்ல, சோதினை வைக்கினம். 1200 மில்லிமீற்றர். விட்டம் 203. எஃப் 5.9. இனிக் கேக்காதேங்கோ.

2025 செப்டெம்பர் 5, இரவு

என்ர தோழி, பண்ணைக் கதையில ஆறடி உயரத்தில நிண்டவ, இதெல்லாத்தையும் வாசிச்சுப்போட்டுப் போன் எடுத்து ஏசினா. ஏசினதை அவவின்ர சம்மதத்தோட போடுறன்.

"மறைப்பு மறைப்பு எண்டு எழுதுறாய். உனக்குத்தானடி மறைப்பு. நீ ரீச்சர், குழாயைப் பிடிச்சால் விஞ்ஞானி. நான் அந்தக் குழாயை வீட்டை வச்சிட்டு அடுத்த நாள் பஸ் ஏறினால்? என்னை எந்த விசர் மறைக்கும்?"

அவ போன் திருத்திறவ. கைராசிக்காரி, போர்ட்டை நுணுக்குக்காட்டிக்குக் கீழ வச்சு ஹொட்-எயார் பிடிச்சு ஐசி எண்ட சின்னச் சிப்பைக் கழட்டினா எண்டால் பக்கத்துப் பாதையில ஒரு கீறல் படாது. எங்க பழகினவ? ஒரு கடையில. முன்னுக்கு நிண்டால் வாடிக்கையாளர் வராயினம் எண்டு முதலாளி பின்னறையில இருத்தினவன். மின்விசிறி இல்லாத அறை, தகரக் கூரை. முன்னுக்கு நிண்ட பொடியன் உடைஞ்ச போனை உள்ள நீட்டுவான், இவ திருத்தி நீட்டுவா, காசும் நன்றியும் முன்னுக்கு. "ஒளிச்சு வச்ச இடத்தில வேற என்ன செய்யிற, பழகினன். அதைப் போய் நீங்கள் பொழுதுபோக்கு எண்டுறியள்." இப்ப சொந்தமா வீட்டில மேசை போட்டிருக்கிறா, கடைக்காரரே அவவிட்டை அனுப்பினம்.

இதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. மறைப்பு எண்டுறது மறைக்கக்கூடிய ஆக்களுக்கு. எனக்குச் செவ்வாய் வந்து பழியை ஏத்துக்கொண்டது, அவவுக்கு ஒண்டும் வரேல்ல.

பேச்சை மாத்த ஒரு செய்தி சொன்னன். உன்ர கையில வாற முக்கால்வாசிப் போனுக்குள்ளயும் ஓடுறது ஆர்ம் வகைச் சிப், அதின்ர முதல் கட்டளைத் தொகுதியை 80-களில ஏகோர்ன் எண்ட பிரித்தானியக் கொம்பனியில வகுத்தவ சோஃபி வில்சன், அவவும் திருநங்கை எண்டு. ரெண்டு செக்கன் சத்தம் இல்லை. "அப்ப அவவிட்டைச் சொல்லு, சார்ஜிங் ஐசி சரியில்லை எண்டு." அது வேற ஆக்களின்ர ஐசி எண்டு விளக்கப் போனன், போனை வச்சிட்டா.

லின் கொன்வே எண்ட அமெரிக்கக் கொம்பியூட்டர்ப் பொறியியலாளர், அவவும் திருநங்கை, அவவைப் பற்றியும் சொல்ல இருந்தன். 1968-இல பால் மாற்றத்துக்காக ஐபிஎம் கொம்பனி வேலையால நிப்பாட்டினது, ஆள் வேற இடத்தில புதுசாத் தொடங்கிச் சிப் வடிவமைக்கிற முறையையே மாத்தினவ, 2020-இல ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது. அம்பத்திரண்டு வருசம். தோழி கேட்டிருந்தால் "சம்பளப் பாக்கி குடுத்தவையோ?" எண்டுதான் கேட்டிருப்பா.

2025 செப்டெம்பர் 6, காலமை

சட்டம் பற்றிக் கேட்ட ரெண்டு பேருக்குச் சுருக்கமா. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883, வெள்ளைக்காரன் போட்டது, அதில ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கிற பிரிவுகள் 365-உம் 365அ-உம். 1995-இல திருத்தேக்க எடுக்கிறதை விட்டிட்டுப் பொம்பிளையளையும் சேர்த்தினம், சமத்துவம் எண்டுறது இதைத்தானாக்கும். 2023 மே-இல உச்ச நீதிமன்றம் இதை நீக்கிற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு சொல்லிப்போட்டுது, ஆனால் பாராளுமன்றம் இன்னும் நீக்கேல்ல. பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் 2016-இல இருந்து இருக்கு, அதை வச்சுப் பிறப்புச் சான்றிதழை மாத்தலாம், தோழி மாத்தினவ. 1952-இல கொம்பியூட்டர் விஞ்ஞானத்துக்கு அடித்தளம் போட்ட அலன் ரூறிங்கைக் குற்றவாளியாக்கினது இங்கிலாந்தில இருந்த இதே வகைச் சட்டம். அவை தங்கட சட்டத்தை எடுத்து, 2013-இல மன்னிப்பும் குடுத்து, 2021-இல அம்பது பவுண் தாளில படத்தையும் போட்டாச்சு. எங்களிட்டை விட்டிட்டுப் போனதை நாங்கள்தான் பத்திரமா வச்சிருக்கிறம்.

2025 செப்டெம்பர் 6, பின்னேரம்

நாளைக்குச் சந்திர கிரகணம், முழுசு, எங்கட வானத்தில நல்லாத் தெரியும். இரவு 9.57-க்குக் கடி தொடங்கும், 11.00-க்கு முழுசா மூடும், 12.22 மட்டும் சிவப்பு, 1.26-க்கு முடிவு. வெறும் கண்ணால பாக்கலாம், பிழையில்லை, சூரியனுக்குத்தான் கண்ணாடி. பக்கத்தில சனியும் நிக்கும், வளையம் இந்த வருசம் பக்கவாட்டில திரும்பி ஒரு கோடாத்தான் தெரியும், ஏமாறாதேங்கோ.

கல்லுண்டாய் வெளி வேண்டாம், காத்து மாறினால் குப்பை மணம், போன முறை பட்டது போதும். அராலியில தெரிஞ்ச ஆக்களின்ர தோட்டம். கொக்குவில் தம்பி, நீரும் வாரும். கிறுக்கு ஒண்டும் கொண்டு வரத் தேவையில்லை, நுளம்புத்திரி கொண்டு வாரும். போயா, சாராயக் கடை பூட்டு, இண்டைக்கே வாங்கி வைக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன், குழாய்க்குப் பக்கத்தில குடிச்சிட்டு வரப்படாது.

2025 செப்டெம்பர் 8, மத்தியானம்

நித்திரை முழிச்ச கண்ணோட எழுதுறன், பிழையைப் பொறுங்கோ.

முகில் விட்டு விட்டு வந்தது. பதினொண்டு மட்டில ஒரு கால் மணித்தியாலம் ஒண்டும் தெரியேல்ல, லினக்ஸ்காரர் செயற்கைக்கோள் படத்தைப் போனில காட்டி "பன்ரெண்டுக்கு முதல் விலகும்" எண்டு சத்தியம் பண்ணினார், விலகினது, இனி அவரோட ஒரு மாசம் கதைக்க ஏலாது. சிலந்தி அக்கா கிரகணத்தை ஒருக்கா அண்ணாந்து பாத்தா, மிச்ச நேரம் முழுக்கத் தலை விளக்கோட பூசணிக்கொடிக்குள்ள. தோழி குழாயின்ர ரெண்டாங் கண்ணாடி கோணலா இருக்குது எண்டு திருகாணி முடுக்கி நேராக்கினா, நான் மாசக்கணக்கா அது முகில் எண்டு நினைச்சிருந்தனான், அவ சொல்லிக் காட்டினது தனிக் கதை.

கொக்குவில் தம்பி வந்தவர். என்னோட இருக்கிற என்ர வீட்டுக்காரியும் அவரும் பாயில இருந்து அவ பாக்கிற நாடகத்தின்ர கதையை முதல்ல இருந்து கடைசி மட்டும் கதைச்சவை. நிலவு சிவந்து நிக்குது, இவை மாமியார் வில்லியோ இல்லையோ எண்டு சண்டை. ஒருக்காக் கூப்பிட்டுக் குழாயால காட்டினன். பாத்தார், "வடிவுதான் அக்கா" எண்டார், திரும்பப் பாய்க்குப் போயிட்டார். பேந்து ஒரு மணி மட்டில எல்லாரும் சாமானைக் கட்டேக்க எனக்குக் கிட்ட வந்து கேட்டார், "அக்கா, கிறுக்கு இல்லாட்டி வீட்டை என்ன சொல்லிட்டு வாறது?"

இதுதான் தம்பி உம்மட உண்மையான கேள்வி எண்டு நினைக்கிறன், 27-ஆம் திகதி நீர் கேட்டதில பாதி இதுதான். நேற்று நீர் வீட்டை சொன்னது "ரீச்சர் கிரகணம் காட்டுறா" எண்டாம். சரி, என்ர விசரை நீர் இரவல் எடும், அதுக்கு வட்டி இல்லை. ஆனால் என்ர வீட்டுக்காரி சொன்னதையும் போட்டுவிடுறன், திரும்பி வரேக்க ஓட்டோவில சொன்னவ: "பதினைஞ்சு வருசமா நான் வெள்ளி பாக்கிறன் எண்டு என்ர அண்ணை நம்புறார். ஒருநாள் எனக்கு எது செவ்வாய் எண்டு கேட்டால் நான் மாட்டுவன்." எனக்குச் சிரிப்பு வந்தது, அவ சிரிக்கேல்ல. அவவின்ர வீட்டுக்கு அவ சொல்லுறதெல்லாம் என்ர விசரைத்தான். அதை நான் இத்தினை நாளா எங்களுக்கு வாய்ச்ச வசதி எண்டுதான் எண்ணிக்கொண்டு வந்தனான்.

அண்ணைக்கு என்ன சொல்லுறது எண்டு அவவே முடிவெடுக்கட்டும். நான் அதுக்குத் திட்டம் போடேல்ல, போடப்படாது எண்டும் சொல்லிப்போட்டா.

2025 செப்டெம்பர் 9

அடுத்த கிரகணம் கேட்டவைக்கு: 2026 மார்ச் 3, நிலவு எழும்பேக்கயே கடிபட்டு எழும்பும், முழுசு முடிஞ்சிருக்கும், கிழக்கால அடிவானம் துப்பரவா இருக்கிற இடம் வேணும், மணற்காடு பக்கம் யோசிக்கிறம். நல்ல முழுசு 2028 டிசெம்பர் 31 இரவு, புது வருசத்துக்குக் கிட்டத்தட்ட ஒண்டரை மணித்தியாலத்துக்கு முதல் நடுப்பகுதி. வெடி கொளுத்திற ஊர், புகை இருக்கும்.

நுளம்புத்திரி மிச்சம் ரெண்டு பெட்டி என்னட்டை. தம்பி, வந்து எடும், வீட்டுக்காரி உமக்கு ஒடியல் கூழ் வைக்கிறாவாம், நாடகத்தின்ர மிச்சக் கதையும் இருக்காம். கனடா அண்ணை, நீங்கள் கேட்ட ஒன்பது மில்லிமீற்றர் கண்வில்லையின்ர விலையை உள்பெட்டியில போட்டிருக்கிறன். உது வருத்தமெண்டால் உங்களுக்கும் தொத்திப்போட்டுது.